சங்கிலி போட்ட வழி: பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குக் கீழே இருந்த வெட்டவெளியில் ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டி வைத்து அளக்கத் தொடங்கினார்கள். சங்கிலியின் நீளம் நூறு அடி; இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. அளக்கச் சொன்னவர் வில்லியம் லாம்டன், ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் படை அதிகாரி. தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கணக்கில் வந்த தூரம் 40,006 அடி, அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டு, பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் சொன்ன மாபெரும் முக்கோண அளவை இந்த 12 கிலோமீட்டரில்தான் பிறந்தது. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று நாம் தினமும் நெரிசலில் கடந்துபோகிற பகுதி அது.

பழைய பயணிகள் போன வழியில் வழிகாட்டியின் துணையோடு மறுபடி நடப்பது உலகின் பல நாடுகளில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அப்படி நடக்க நம் பக்கத்தில் வழி இருக்கிறதா, இருந்தால் அதை யார் எப்படி நடத்த வேண்டும், நடப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்ற கேள்விகளைத் தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தை முன்வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

வெளிநாட்டில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1916-இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் இரண்டு தோழர்களோடு தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரத்தில் கடந்தார். அந்த வழியின் கடைசிப் பகுதியைக் கப்பலில் வரும் சுற்றுலாப் பயணிகள் இன்று வழிகாட்டிகளோடு சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறார்கள். இது ஒரு வீரரின் காலடியைத் தொட்டுப் பார்க்கும் நடை. அமெரிக்காவில் லூயிஸும் கிளார்க்கும் 1804 முதல் 1806 வரை மேற்கு நோக்கிப் போன வழி 1978-இல் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கப்பட்டது. அதன் இருநூறாவது ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டபோது, அந்த வழியில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகள் தங்கள் தரப்புக் கதையைத் தாங்களே சொல்ல முன்வந்தார்கள். இரண்டில் எனக்கு இந்த இரண்டாவது முறைதான் உயர்வாகப் படுகிறது. வழியில் போனவரின் கதையோடு வழியில் இருந்தவர்களின் கதையும் சேர்ந்தால்தான் நடை முழுமை பெறும்.

நமக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை போகும் பாதயாத்திரையைப் பாருங்கள். கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் கடந்து உகந்தை முருகன் கோவிலுக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் நுழைகிறது அந்த வழி. ஆடித் திருவிழாவையொட்டிக் காட்டுப் பாதையை அரசு குறிப்பிட்ட நாட்களுக்குத் திறந்துவிடுகிறது. வேல் தாங்கியவர் முன்னே போவார். எங்கே தங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பது பல ஆண்டுகள் நடந்தவர்களுக்குத் தெரியும். யானையும் சிறுத்தையும் உள்ள காட்டில் கிழவிகளும் குழந்தைகளும் நடக்கும் வழி இது. இன்னொன்று வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். அந்த வழியை ஏப்ரல் மாதங்களில் நினைவு நடையாக மறுபடி நடக்கும் வழக்கம் இருக்கிறது. வழி தெரிந்த தலைவர், குறித்த நாள், ஊரார் தரும் சோறு, சொல்ல ஒரு கதை ஆகிய நான்கும் இவற்றில் உண்டு. பழைய பயணியின் தடத்தில் நடை வகுப்பவர்கள் முதலில் இங்கிருந்துதான் பாடம் கற்க வேண்டும்.

வழி தெரியாமலும் அனுமதி இல்லாமலும் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போன இளைஞர்கள், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத் துறையினர், அவர்களில் பலர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று பிரிவுகள், இணையவழி முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்று அது அமைந்திருக்கிறது. பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் சம்பளம் பெறுகிறார்கள். தீ பிடிக்கும் கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. இந்தத் திட்டத்தின் அடித்தளம் சரியானது. பாதைகள் பெரும்பாலும் இயற்கை அழகைக் கருதியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. வரலாறு அவற்றில் துணைக்கு மட்டுமே வருகிறது.

இனி நம் வட்டாரம். அடுத்தடுத்து மூன்று பேர் இந்தப் பக்கம் தடம் பதித்திருக்கிறார்கள். மூவரும் விட்டுப்போன பதிவு மூன்று விதம்.

முதலாமவர் பிரான்சிஸ் புக்கானன், ஸ்காட்லாந்து மருத்துவர். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர், கன்னடக் கரை, மலபார் ஆகியவற்றின் பயிர், தொழில், மக்கள் நிலையை விசாரித்து எழுத கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி அவரை அனுப்பினார். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய அவர், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் வழியாக மேற்கே போனார். செம்பரம்பாக்கம் ஏரியின் பரப்பையும் அது நீர் பாய்ச்சிய ஊர்களையும் வியந்து குறித்து வைத்தார். அவர் எழுதியது தேதியிட்ட நாட்குறிப்பு. அதனால் நாளுக்கு நாள் பின்தொடரலாம். அவரைப் பின்பற்றி நடப்பது என்றால் ஒவ்வோர் ஊரிலும் நின்று என்ன விளைகிறது, யார் நெய்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு ஏற்ற நடை அது. ஆனால் வழியின் பெரும்பகுதி இப்போது நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை. மொத்த வழியையும் நடப்பதில் பொருள் இல்லை. குன்றத்தூர் முதல் செம்பரம்பாக்கம் கரை வரை போதும்.

மூன்றாமவரை முன்னால் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் படைமைதானத்துக்கு அருகே ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கக் கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். அதற்கு அருகிலுள்ள குடியம் குகைப் பாதை ‘ட்ரெக் தமிழ்நாடு’ பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஆக ஃபூட்டின் தடத்தில் ஒரு துண்டை அரசே திறந்துவிட்டது. தொடக்கப்புள்ளியான பல்லாவரத்தை விட்டுவிட்டுக் குடியத்துக்குப் போவது கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பதற்குச் சமம். பல்லாவரத்தில் தொடங்கி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட்டின் சேகரிப்பைப் பார்த்து, மறுநாள் குடியம் போகும்படி இரண்டு நாள் நிகழ்ச்சி வகுக்கலாம்.

இரண்டாமவரான லாம்டனின் பதிவு இவ்விரண்டையும்போல் அல்ல. அவர் நடந்தது வழியே அல்ல, ஒரு நேர்கோடு. அதன் இரு முனையும், அங்கிருந்து பார்த்த குன்றுகளும், கோணங்களும் அச்சில் இருக்கின்றன. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால், மற்ற இரண்டு பக்கங்களைக் கோணங்களை வைத்தே கணக்கிடலாம். அந்தப் பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணம். இப்படியே ஒன்றின் தோளில் ஒன்றாக நாடு முழுதும். அதனால் முதல் பக்கத்தில் ஓர் அங்குலம் தவறினாலும் தவறு வளர்ந்துகொண்டே போகும். பரங்கிமலைச் சமவெளியில் எடுத்துக்கொண்ட பாடு அவ்வளவும் அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான்.

சங்கிலி லண்டன் கைவினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போன கருவிகளில் ஒன்றாகப் பயணப்பட்டுக் கடைசியில் லாம்டன் கைக்கு வந்தது. அதைத் தரையில் கிடத்தவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியை இழுத்துக் கட்டி, கூடவே வெப்பமானிகளை வைத்தார்கள். எஃகு வெயிலில் நீளும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடும். ஒரு தடவைக்கு அது ஒன்றுமில்லை. 12 கிலோமீட்டருக்குச் சங்கிலியை நானூறு தடவை வைக்க வேண்டும். அப்போது பிழை ஒன்றரை மீட்டரை நெருங்கும். சித்திரை வெயிலில் காலை வெப்பத்துக்கும் உச்சி வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு நூறடிக்கும் குறித்துக் கழித்தார்கள். நடைக்கு வருகிறவர்களிடம் ஓர் எஃகு நாடாவையும் வெப்பமானியையும் கொடுத்து, காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் அதே நூறடியை அளக்கச் சொன்னால் போதும்; ஒரு மணி நேரச் சொற்பொழிவு தராத புரிதல் வந்துவிடும்.

அந்த நேர்கோட்டில் இன்று கால் வைக்க முடியாது, வீடுகள். ஆனால் அதை ஏறக்குறைய ஒட்டியே மேடவாக்கம் பிரதான சாலை ஓடுகிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ ஐந்தாம் தடமும் பரங்கிமலை, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்றுதான் தூண்கள்மேல் போகிறது. லாம்டன் சங்கிலியை நகர்த்திய திசையிலேயே இரு நூற்றாண்டு கழித்து நகரமும் நகர்ந்திருக்கிறது.

நடப்பவர் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இந்த நிலத்தின் மட்டம். சங்கிலி அளவைக்கு மேடுபள்ளம் ஆகாது. அதனால்தான் லாம்டன் இந்தச் சமவெளியைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவு தட்டையான நிலத்தில் மழைநீருக்கு ஓட்டம் குறைவு. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்து நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு. மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகளின் உபரி நீருக்கும் அந்தச் சதுப்புநிலம்தான் வடிகால். 2015 டிசம்பரில் இங்கே வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதன் காரணத்தில் ஒரு பாதி, லாம்டனுக்கு வசதியாக இருந்த அதே தட்டைத்தன்மை. மறுபாதி, ஏரிகளையும் சதுப்பையும் நாம் சுருக்கியது. 2022-இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பள்ளிக்கரணைக்குக் குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பழைய சதுப்பில் அது ஒரு பகுதி மட்டுமே. பழைய தடத்தில் நடப்பதன் பயன் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: அந்த மனிதர் பார்த்த நிலத்தையும் நாம் நிற்கும் நிலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். அது நடக்காவிட்டால், லாம்டன் பெயர் போட்ட தொப்பியோடு ஓர் உலா போய்வந்ததாகவே முடியும்.

காடு இருக்கிறதா என்று கேட்பார்கள். துண்டு துண்டாக இருக்கிறது. கோவிலம்பாக்கம் தாண்டி மேற்கே நன்மங்கலம் காப்புக்காடு, சுமார் 320 ஹெக்டேர் முட்புதர்க்காடு. கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. லாம்டன் காலத்தில் இந்தப் பக்கத்துக் குன்றுகள் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி 1937-இல் குடியேறிய வளாகத்திலும் அந்தப் புதர்க்காட்டின் மிச்சம் உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியோடு, சிறு குழுவாக, ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தைத் தவிர்த்துத்தான் போக வேண்டும். கூட்டமாக நுழைந்து செல்பி எடுக்கும் நடை அங்கே வேண்டாம்.

லாம்டனின் கோடு பெரும்பாக்கத்தில் நிற்கவில்லை. அங்கிருந்து கருங்குழி, பெருமுக்கல் என்று குன்றிலிருந்து குன்றுக்குப் பார்வை தாவிக் கடலூர் வரை கடற்கரையோரமாகப் போனது. பிறகு மேற்கே பெங்களூர் வழியாக மங்களூர். தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட சுமார் 40 மைல் குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது. கோணங்களை அளக்க அவர் வரவழைத்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் போய், அங்கிருந்து மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமானது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தானே செப்பனிட்டார். 1823 ஜனவரி 20 அன்று மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட்டில் இறந்தார், வேலை முடியவில்லை. ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். சிகரத்தின் உயரக் கணக்கில் வங்காளி ராதாநாத் சிக்தாரின் பங்கை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் ஊர்க் கைகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1794-இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய சர்வே பள்ளி, இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் முன்னோடி. அங்கே பயின்ற இளைஞர்கள் லாம்டனுக்கு உதவியாளர்களாக இருந்தார்கள். சங்கிலி இழுத்தவர்கள், பெட்டிகளைச் சுமந்தவர்கள், குன்றின்மேல் கொடி பிடித்து நின்றவர்கள், தியோடலைட்டைத் தோளில் தூக்கி மலையேறியவர்கள் கூலிகளும் கலாசிகளும். பலர் காட்டுக் காய்ச்சலில் செத்தார்கள். அவர்கள் பெயரால் எந்த நடையும் இல்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: கிழக்கிந்தியக் கம்பெனி இந்த வேலைக்குப் பணம் கொடுத்தது அறிவுத் தாகத்துக்காக மட்டும் அல்ல. பிடித்த நாட்டை அளந்தால்தான் படை நடத்தலாம், வரி போடலாம். லாம்டன் தன் அளவில் பூமியின் வடிவத்தை அறியத் துடித்த உண்மையான ஆய்வாளர். அவரை வேலைக்கு வைத்த ஆட்சிக்கு வேறு கணக்கு இருந்தது. வழிகாட்டி இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவர் வரலாறு சொல்பவர் ஆகமாட்டார்.

வழிகாட்டி யார் என்பதில்தான் இந்த முயற்சி நிற்கும் அல்லது விழும். கோட்டின் தென்முனையான பெரும்பாக்கத்தில் இப்போது எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. பழைய வேலைக்கும் பள்ளிக்கும் அவர்கள் பேருந்தில் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. நகரம் யாரை எங்கே வைக்கிறது என்பதைத் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டவர்கள் அவர்கள். மலைப்பாதைகளில் பழங்குடி இளைஞர்களுக்குத் தந்த பயிற்சியை இங்கே பெரும்பாக்கத்து இளைஞர்களுக்குத் தர வேண்டும். முதலுதவி, பறவைகள், ஏரிகளின் வரத்துக்கால், முக்கோண அளவையின் அடிப்படைக் கணக்கு, லாம்டனின் கதை ஆகியவற்றை அவர்கள் எளிதில் கற்றுக்கொள்வார்கள். வெளியிலிருந்து நிறுவனம் ஒன்று வந்து தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் விற்று நடத்துவதைவிட இது பல மடங்கு மேலானது.

சிக்கல் நிர்வாகத்தில்தான் வரும். 12 கிலோமீட்டருக்குள் கண்டோன்மெண்ட் வாரியம், சென்னை மாநகராட்சி, மேடவாக்கம் போன்ற ஊராட்சிகள், வனத்துறை என்று பல கைகள். பரங்கிமலை உச்சியில் தேவாலயத்தின் அமைதியையும் மதிக்க வேண்டும். 1523-இல் கட்டப்பட்ட வழிபாட்டுத் தலம் அது. அங்கே லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. நடை அங்கிருந்து தொடங்குவதே முறை. காலம் மார்கழி முதல் மாசி வரை, விடியற்காலையில். சித்திரையில் அளந்தார் என்பதற்காக நாமும் சித்திரையில் நடந்து யாரையும் மயங்கி விழச் செய்ய வேண்டாம். ஆகஸ்டில் நடக்கும் மெட்ராஸ் வார உலாக்கள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணியைச் சுற்றியே இருக்கின்றன. புறநகருக்கும் வரலாறு உண்டு என்பதை அமைப்பாளர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

செலவு பெரிதல்ல. சென்னை மெட்ரோ நிறுவனம் பரங்கிமலை, மேடவாக்கம், பெரும்பாக்கம் நிலையங்களில் இந்த அளவையைப் பற்றித் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். இந்திய நில அளவைத் துறை கோட்டின் இரு முனைகளையும் இன்றைய கருவிகளால் குறித்து, அங்கே கல் நடட்டும். தாம்பரம் மாநகராட்சி பல்லாவரத்தில் ஃபூட் கண்டெடுத்த கல்லுக்கு ஓர் அடையாளம் வைக்கட்டும். சுற்றுலாத் துறையும் வனத்துறையும் சேர்ந்து பெரும்பாக்கத்தில் முதல் இருபது வழிகாட்டிகளைப் பயிற்றுவித்தால், வருகிற தை மாதமே பள்ளிப் பிள்ளைகளோடு முதல் நடையைத் தொடங்கிவிடலாம். மேடவாக்கம் சாலையில் வசிப்பவர்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் குடியிருப்போர் சங்கங்கள் வழியாக இப்போதே எழுதி அனுப்ப வேண்டும்.